மாலத்தீவுக்குப் பாடம் நடத்தப் போகிறவரின் பெட்டி

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வெளிநாட்டுக்கு ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களில் பலர் போவது மாலத்தீவுக்கு. திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலே சுமார் 600 கி.மீ. தான். "பக்கத்துல தானே, எது வேணும்னாலும் அப்புறம் அனுப்பிக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் வேலை மாலேயில் கிடைத்தால்தான் அது பக்கம். மொத்தம் 1,192 தீவுகள், வடக்கே இருந்து தெற்கே 800 கி.மீ.க்கு மேல் நீளம், மக்கள் வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில். நம் ஆசிரியர்கள் பலர் போய்ச் சேருவது ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு தீவுக்கு.

என் சித்தி மகள் இயற்பியல் ஆசிரியை. அவள் அப்படி ஒரு தீவுப் பள்ளிக்குக் கிளம்பியபோது, என்ன எடுத்துப் போவது என்று பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. சாஃப்ட்வேர்காரனிடம் பட்டியல் கேட்டால் முதலில் விதிதான் எழுதுவான். நான் எழுதியது மூன்று கேள்விகள். அந்தப் பொருள் அங்கே கிடைக்காதா? இல்லாவிட்டால் வேலையோ உடம்போ கெடுமா? கொண்டுபோக அனுமதி உண்டா? மூன்றுக்கும் "ஆமாம்" வந்தால் உள்ளே. இல்லையென்றால் வெளியே.

முதல் கேள்வியிலேயே பாதிப் பெட்டி காலி. சித்தி எடுத்து வைத்திருந்தது அரிசி, பருப்பு, வெங்காயம். 1981இல் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை எல்லாம் இந்தியாவிலிருந்துதான் மாலத்தீவுக்குப் போகின்றன. நம்ம தூத்துக்குடியிலிருந்து தோணியிலும் கப்பலிலும் சரக்கு போகிறது. கப்பலில் போகும் வெங்காயத்தை எதற்கு விமானத்தில் தூக்க வேண்டும்? தேங்காய்க்குக் குறைவில்லை. கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் அவர்கள் சமையலிலேயே உண்டு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, நாம் மாசிக் கருவாடு என்று சொல்வதே அந்த ஊர்ச் சரக்குதான்.

கிடைக்காதவை சின்னச் சின்னப் பொருட்கள். வீட்டுக் கைப்பக்குவத்தில் அரைத்த சாம்பார் பொடி, கொஞ்சம் புளி, பெருங்காயம். எடுத்துப்போகும் குக்கருக்கு இரண்டு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. சின்னத் தீவில் இருப்பது ஒன்றிரண்டு கடை. நம் குக்கருக்குப் பொருந்தும் கேஸ்கெட்டை அங்கே தேட முடியாது.

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி அப்படியே ஓடும். பிளக்தான் வேறு, பெரும்பாலும் பிரிட்டிஷ் பாணியில் மூன்று சதுரப் பின். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு அடாப்டர் வாங்காதீர்கள். தரமான அடாப்டர் இரண்டு, நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று போதும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம், வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், 74 வாட்-மணி. தாராளமாகப் போகும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: எது இல்லாவிட்டால் வேலை நிற்கும்? காகிதம். பட்டம், பி.எட்., எல்லா மதிப்பெண் பட்டியல்கள், அனுபவச் சான்றிதழ், போலீஸ் நற்சான்று, வேலைக்கான அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ பத்துப் பதினைந்து. ஒரிஜினல்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாலேயில் இறங்கியபின் உள்நாட்டு விமானம், அதன்பின் ஸ்பீட் போட் என்று மாறும்போது பெரிய பெட்டி அடுத்த படகில் வரலாம். பள்ளி கேட்கும் சான்றொப்பங்களையும் இங்கேயே முடித்துவிடுவது நல்லது. அங்கே வெள்ளி, சனி விடுமுறை. நம்ம பல்கலைக்கழகத்துக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்வது வாரத்தில் நான்கு நாள்தான். விட்டுப்போன ஒரு தாளுக்காக அங்கிருந்து அலைந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பெட்டிக்குள் வைக்க முடியாத ஒன்றும் உண்டு: இந்திய சிம். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே சரிபார்த்து, ரீசார்ஜுக்கு வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சம்பளம் ரூஃபியாவில் வரும், அதை இந்தியாவில் மாற்ற முடியாது. டாலராக்கி அனுப்புவதில் கட்டுப்பாடுகளும் உண்டு. முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்கக் கொஞ்சம் டாலர் கையில் இருக்கட்டும்.

மருந்து அடுத்தது. தினமும் சாப்பிடுவதை மூன்று மாதத்துக்கு, ஸ்ட்ரிப் பிரிக்காமல், மருந்தின் வேதிப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவற்றை விசாரிக்காமல் எடுக்கவே கூடாது, போதைப்பொருள் சட்டம் அங்கே கடுமை.

மூன்றாவது கேள்வியில்தான் வீட்டில் மனக்கஷ்டம் வந்தது. மாலத்தீவுக்குள் மதுவும் பன்றியிறைச்சியும் கொண்டுபோகக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சித்தி, பட்டுத்துணியில் சுற்றி ஒரு சின்ன வெள்ளிப் பிள்ளையார் வைத்திருந்தார். "உள்ளங்கை அளவுதானேடா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். தெரிந்தால், வேலைக்குச் சேரப் போன பெண் முதல் நாளே கஸ்டம்ஸ் மேசையில் நின்று பதில் சொல்ல வேண்டும். அவளே பிள்ளையாரை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். "நீயே தினமும் எனக்கும் சேர்த்து விளக்கேத்தும்மா" என்றாள். சித்தி ஒன்றும் பேசவில்லை. இதில் சரி, தப்பு என்று நான் வாதாட வரவில்லை. இன்னொரு நாட்டின் சட்டத்துக்குள் வேலைக்குப் போகிறோம், அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

காலியான இடத்தில் என்ன வைத்தோம்? வகுப்பறையை. பாட மொழி ஆங்கிலம். மேல்வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் தேர்வுப் பாடத்திட்டம். பழைய வினாத்தாள்கள், வீடியோக்கள் எல்லாம் இணையம் இல்லாமலும் ஓடும்படி ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். இரண்டு குவிலென்ஸ், ஒரு முப்பட்டகம், மல்டிமீட்டர், எல்ஈடி, சின்னக் காந்தம். மொத்தம் ஒரு கிலோ வராது. சின்னப் பள்ளியின் லேபில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒளிவிலகலை வரைந்து காட்டுவதற்கும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

துணிக்கு ஒரே விதி, மெல்லிய பருத்தி, உடம்பை மூடும்படி. ஸ்வெட்டர் வேண்டாம், குடை வேண்டும். ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு நடுத்தரப் பெட்டி நல்லது, படகுத்துறையில் நீங்களேதான் தூக்க வேண்டியிருக்கும். உள்ளே எல்லாம் பாலித்தீன் கவரில், கடல் தண்ணீர் தெறிக்கும். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற பயண அறிவிப்பை ஆன்லைனில் நிரப்ப மறக்காதீர்கள்.

திரும்பி வரும்போது கட்டும் பெட்டிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ஆமை ஓடு, கருப்புப் பவளம் வேண்டாம், வெளியே கொண்டுவரத் தடை. மாசி எவ்வளவு வேண்டுமானாலும் ஆசைப்படலாம், எடை இருந்தால். கட்டாயம் வேண்டியது, பள்ளி முத்திரையோடு அனுபவச் சான்றிதழ். அடுத்த வேலைக்கு அதுதான் முதல் தாள். அதைக் கையில் வாங்காமல் படகு ஏறாதீர்கள்.