தெருவைப் பார்த்த நாடகமேடை

நாடகம் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வாங்க வேண்டும். திரை தூக்கும் வரையில் காத்திருக்கவும் வேண்டும். காசும் காத்திருப்பும் இல்லாமல், நடந்து போகிறபோதே பார்த்துவிட்டுப் போகக்கூடிய நாடகமேடை ஒன்று உண்டு. பெருநகரங்களின் கடைவீதிகளில், அகன்ற கண்ணாடிக்குப் பின்னால், விளக்கொளியில் ஜோடித்து வைத்திருக்கும் காட்சி ஜன்னலைத்தான் சொல்கிறேன். இங்கே நடிகர்கள் பொம்மைகள். ரஸிகரோ வேறு ஏதோ காரியமாக விரைந்து போய்க்கொண்டிருப்பவர். இரண்டொரு விநாடிக்குள் அவருடைய காலை நிறுத்தாவிட்டால் நாடகம் தோற்றுப் போயிற்று.

இந்தக் கலைக்குச் சாஸ்திரம் எழுதியவர்களில் ஒருவர், ஆஸ் தேசத்து மந்திரவாதியின் கதையை எழுதிய அமெரிக்கரான எல். பிராங்க் பாம் என்பது பலருக்குத் தெரிந்திராது. 1888-ம் வருஷம் டக்கோட்டாப் பிரதேசத்து ஆபர்டீன் நகரில் விளையாட்டுச் சாமான்களும் வினோதப் பொருள்களும் விற்கும் கடை ஒன்றை அவர் திறந்தார். ஊரில் வறட்சி, இவரோ கடன் கொடுப்பதில் தாராளம். 1890-ல் கடை மூடப்பட்டது. பிறகு பீங்கான் சாமான் கம்பெனி ஒன்றின் விற்பனையாளராக ஊர் ஊராய் அலைந்தார். 1897-ல் சிகாகோவில், ஜன்னல் அலங்காரத்திற்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்.

சரக்கைக் குவித்து வைப்பது அலங்காரமாகாது, ஜன்னலில் அசைவும் வெளிச்சமும் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் விவரித்த தந்திரக் காட்சி ஒன்று வெகு வேடிக்கையானது. ஓர் உயிருள்ள பெண்ணின் மேற்பாதி உருவம் மட்டும் பீடத்தின்மேல் தெரியும், திடீரென்று மறையும், மறுபடி தோன்றும்போது தலையில் வேறொரு தொப்பி இருக்கும்!

1900-ம் வருஷத்தில் பாமின் ஜன்னல் அலங்கார நூலும், ஆஸ் கதையும் வெளிவந்தன. கதையில் மரகதப் பட்டணத்துக்குள் போகிறவர்கள் பச்சை மூக்குக் கண்ணாடி அணிந்தாக வேண்டும். பட்டணம் பச்சையாய்த் தோன்றுவதன் ரகசியம் அதுதான். கடை ஜோடித்துப் பழகிய கைக்கே இப்படிப்பட்ட கற்பனை எளிதில் வரும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் இது வெறும் ஏமாற்று வித்தைதானா? நியூயார்க் நகரத்து ஐந்தாம் அவென்யூவில் இருந்த பான்விட் டெல்லர் என்ற ஜவுளிக் கடையின் ஜன்னல்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

1939 மார்ச்சில் ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஸால்வடார் டாலி அங்கே பகல், இரவு என்று இரண்டு காட்சிகள் அமைத்தார். பகலுக்கு, ஆட்டுத் தோல் வேய்ந்த ஒரு குளியல் தொட்டியும் தூசி படிந்த பழைய மெழுகுப் பொம்மையும். பார்த்தவர்கள் முகம் சுளிக்கவே, கடைக்காரர்கள் அவரைக் கேளாமல் பொம்மைகளை மாற்றிவிட்டார்கள். டாலி வந்து பார்த்தார். கோபாவேசத்துடன் உள்ளே நுழைந்து தொட்டியைத் தள்ளினார். தொட்டி கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போயிற்று. பின்னாலேயே டாலியும் போனார்! போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கேளாமல் மாற்றியது தவறுதான். ஆனால் ஆடை விற்பதற்கான ஜன்னலில் ஆடையை யாருமே நினைக்காதபடி செய்துவிட்டவரிடம் எனக்கு அரை அனுதாபந்தான் உண்டு.

1961 ஏப்ரலில் அதே கடையில் ஆண்டி வார்ஹால் என்பவர், அப்போது விளம்பரச் சித்திரக்காரர், தம்முடைய ஐந்து ஓவியங்களை வைத்தார். ஸூபர்மேன், பாபாய் முதலான சித்திரக்கதைப் பாத்திரங்கள் அவற்றில் இருந்தன. பெரியவர்கள் குப்பையென்று ஒதுக்கிய கதைகள் அவை. அந்த ஓவியங்களுக்கு முன்னால் வசந்தகால உடைகள் அணிந்த பொம்மைகள் நின்றன. உடையும் கண்ணில் பட்டது. படமும் கண்ணில் பட்டது. பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்ற ஒரு சித்திரமுறை, காட்சிசாலைகளில் இடம் பெறுமுன், கடை ஜன்னலில் சில நாள் குடியிருந்து சென்றது.

இன்று அதே வீரர்களின் பதுமைகளையும் படக்கதைகளையும் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. அவற்றில் அநேகம் பாம் கண்டித்த பழைய தவற்றையே செய்கின்றன: நூறு பதுமைகளைப் பெட்டியோடு அடுக்கிவிடுகிறார்கள். நூறு வீரர்கள் சேர்ந்து நின்றால் ஒருவரும் வீரராகத் தெரிவதில்லை. ஒரே ஒருவரைக் கண்மட்டத்தில், கதையில் ஏதோ நடக்கப்போகும் தறுவாயில் நிறுத்த வேண்டும். கீழே ஒரு சிறுவனின் கண்மட்டத்தையும் மறக்கலாகாது. வாங்கச் சொல்லி அழப்போகிறவன் அவன்தானே! கொலுவில் எந்தப் பொம்மையை நடுநாயகமாக வைப்பதென்று யோசித்துப் பழகிய நம் இல்லத்தரசிகளுக்கு இது புதிதல்ல.

இன்னொன்று: இந்தக் கடைகளின் ரஸிகர்கள் பொல்லாத பரீட்சகர்கள். அங்கியின் நிறம் சற்று மாறினாலும், ஒரு கதையின் ஆயுதம் வேறு கதையின் வீரன் கையில் இருந்தாலும், வாசலிலேயே மதிப்பெண் குறைத்துவிடுவார்கள்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் எந்த விளக்கும் அழகு செய்துவிடும், சோதனை பகலில்தான். தெருவைவிட ஜன்னலின் உட்புறம் இருட்டாயிருந்தால் கண்ணாடி நிலைக்கண்ணாடியாகிவிடுகிறது. வழிப்போக்கர் தம் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். ஆகையால் பகலிலேதான் பலமான விளக்கு வேண்டும். நேர்வெயில் விழும் ஜன்னலானால் அச்சுப்படங்களும் துணிகளும் சீக்கிரமே வெளுத்துப் போகும். சாயம் போன அங்கியோடு நிற்கும் ஸூபர்மேனை எந்தச் சிறுவனும் விலைக்குக் கேட்பதில்லை.