பாராட்டா, பரிதாபமா?

2021 ஆகஸ்ட் 30ஆந் திகதி டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் தூரத்திற்கு ஈட்டி எறிந்தார். அது அப்போதைய உலக சாதனை. பராலிம்பிக்கில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கமும் அதுவே. ஒலிம்பிக்கிலோ நமக்கு இன்னும் தங்கமில்லை. 1948இல் டங்கன் வைட்டும் 2000இல் சுசந்திகா ஜயசிங்கவும் பெற்றவை வெள்ளிகள்.

ஆயினும் தினேஷைப் பற்றிப் பேச்செடுத்தால், "பாவம், அந்தக் கையோடயும் எறிஞ்சாரே" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். யுத்தத்தில் கையில் காயமடைந்த இராணுவ வீரர் என்ற கதை தெரியும். எத்தனை மீற்றர் எறிந்தார் என்று கேட்டால் தெரியாது. கிரிக்கெட் வீரர் எடுத்த ஓட்டங்களை மட்டும் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையும் ஒப்புவிக்கும்!

67.79 மீற்றர் என்பது எவ்வளவு? நாம் விளையாடும் வலைப்பந்தாட்டத் திடலின் நீளம் 30.5 மீற்றர். அப்படி இரண்டு திடல்களை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தாலும் அந்த ஈட்டி அவற்றைத் தாண்டித்தான் விழும். அன்று அவர் வென்றதும் சாதாரண ஆளையல்ல. இரண்டாமிடம் பெற்ற இந்தியாவின் தேவேந்திர ஜஜாரியா, 2004இலும் 2016இலும் தங்கம் வென்றவர்.

"அவங்களுக்கு நிறையப் பிரிவு இருக்கு, பதக்கம் லேசு" என்போரும் உளர். தினேஷின் பிரிவு எவ் 46. 'எவ்' என்பது எறிதல் நிகழ்ச்சிகளையும் 46 என்பது கையிலுள்ள குறைபாட்டையும் குறிக்கும். நமது இல்ல விளையாட்டுப் போட்டியிலும் வயதுப் பிரிவுகள் உண்டு. அதற்காக அங்கே வென்றவரின் கிண்ணத்தை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

2024இல் பாரிஸில் சமித துலான் கொடித்துவக்கு 67.03 மீற்றர் எறிந்து உலக சாதனை படைத்தார். கிடைத்ததோ வெள்ளி. காரணம், எவ் 44 பிரிவினரான அவர், செயற்கைக் கால் பொருத்திய எவ் 64 வீரர்களுடன் ஒரே போட்டியில் எறிய வேண்டியிருந்தது. சாதனை பிரிவு வாரியாகப் பதியப்படும்; பதக்கம் எல்லோருக்கும் பொது. பதக்கம் லேசு என்போர் இதற்கு என்ன சொல்வார்களோ?

பராலிம்பிக்கில் நமது முதற் பதக்கம் 2012இல் இலண்டனில், 400 மீற்றர் ஓட்டத்தில் பிரதீப் சஞ்ஜய பெற்ற வெண்கலம். பொது அறிவுப் போட்டிகளில் டங்கன் வைட்டைப் பற்றிய கேள்வி தவறாமல் வரும். பிரதீப்பைப் பற்றிய கேள்வியை நான் இன்னும் எதிர்கொள்ளவில்லை.