மருந்துக்குக் கேட்கவில்லை என்று எப்போது சொல்லலாம்?

மேலுக்குச் சுகமில்ல, தூக்கமில்ல, காட்டுப் பக்கம் போகவே மனசில்ல. புதூர் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் மருத்துவரிடம் வந்து சேரும். சில மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகும் முகம் தெளியாவிட்டால், "இவருக்கு மருந்து கேட்கலை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். மருத்துவர் அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டக் கூடாது.

முதலில் மஞ்சப்பையில் உள்ள மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டி எண்ண வேண்டும். எஸ்சிட்டலோப்ராம் 5 மி.கி.யில் தொடங்கியிருப்பார்கள், 10க்கு உயர்த்தியிருக்க மாட்டார்கள். தூக்கம் வந்ததும் அவரே நிறுத்தியிருப்பார். விதைப்பு நேரத்தில் மருந்து வாங்கிவர ஆளில்லாமல் இரண்டு வாரம் விட்டுப்போயிருக்கும். உரிய அளவில், விடாமல் 6 முதல் 8 வாரம் சாப்பிட்டிருந்தால்தான் ஒரு மருந்தைப் பார்த்தாயிற்று என்று கணக்கு.

அடுத்து, நோய் வேறாக இருக்கிறதா என்று தேட வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குடி உண்டா என்று தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். மனைவியிடம் இன்னொரு கேள்வி: "எப்பவாவது நாலஞ்சு நாள் தூங்காமலே துள்ளலா இருந்து, காசைக் கண்டபடி செலவழிச்சாராம்மா?" ஆம் என்றால் அது இருதுருவ நோயாக இருக்கலாம், வைத்தியமே வேறு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முதல் மருந்து பலிக்காவிட்டால் இரண்டாவது. அதுவும் உரிய அளவில், உரிய காலம். இரண்டும் பலிக்காதபோதுதான் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு என்று எழுதலாம். இதில் நோயாளியின் குற்றம் எதுவுமில்லை. 2006இல் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே முழுக் குணம் கண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான்.

ரத்தத்தில் இதற்கு அடையாளம் உண்டா? 1980களில் மனச்சோர்வைக் கண்டறிய டெக்சாமெத்தசோன் பரிசோதனையைப் பெரிதாக நம்பினார்கள். வேறு நோய்களிலும் அதே முடிவு வந்ததால் நம்பிக்கை தளர்ந்தது. இப்போது அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., மூளை நரம்புகளைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் இரண்டையும் ஆராய்கிறார்கள். இவருக்கு மருந்து கேட்காது என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று உண்டென்று யாராவது சொன்னால் அதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

பெயர் எழுதியதோடு வைத்தியம் முடியவில்லை. லித்தியம் என்ற மருந்தைச் சேர்க்கலாம், பேச்சு சிகிச்சை தரலாம், கடுமையாக இருந்தால் மின்சிகிச்சை உண்டு. மயக்க மருந்து இல்லாமல் அதைத் தருவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது காலி அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். நடுவில் உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள்; 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.