இல்லும் இல்லாளும்



‘இல்லாள்’ என்னுஞ் சொல் இல்லத்தை ஆள்பவளைக் குறிக்கும். ‘இல்லான்’ என்று ஆண்பாலிற் சொன்னாலோ, ஒன்றும் அற்றவன் என்பதே பொருளாகும். பிற இடங்களிற் சொல்லளவில் நின்றுவிட்ட இவ்வுரிமை, கிழக்கிலங்கையில் இன்றும் வாழ்க்கை முறையாக நிலவுகின்றது.

கொட்டியாரக் குடாவின் தென்பாலுள்ள மூதூர், தோப்பூர் முதலாகப் பொத்துவில் ஈறாகவுள்ள ஊர்களில், மணமகன் பெரும்பாலும் மனைவியின் வீட்டிற்கே குடிவருகிறான். அவ்வீடு பெற்றோர் மகளுக்குச் சீதனமாக அளித்தது. பெண்மக்கள் நால்வராயின் வீடும் நான்கு வேண்டும். ஆகவே பெண்ணின் உரிமை தந்தையின் தோளில் ஏறிய பாரமும் ஆகும். மட்டக்களப்புப் பகுதியிலும் அதன் தெற்கிலும் ‘குடி’ என்னும் மரபும் தாய்வழியே வருவது. ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்வதில்லை.

இம்முறையை ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர், அமெரிக்காவிலுள்ள கொலராடோப் பல்கலைக்கழகத்து மானிடவியற் பேராசிரியராயிருந்த டெனிஸ் மக்கில்வ்ரே. 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அவர், தம் பெருநூலை 2008-இல் வெளியிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டும், பின்னர்ப் போரினாற் பிரிவுண்டும் இருந்தபோதிலும், குடியும் சீதன வீடும் இருசாராருக்கும் பொது என்பதை அந்நூல் விளக்குகின்றது. ஆண்-பெண் உரிமை, உறவுமுறை, இனம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பது இதனாற் புலனாகும்.

உறவு இரத்தத்தால் மட்டும் அமைவதும் அன்று. ஐதராபாத்தில் வாழும் திருநங்கையரைப் பற்றிக் காயத்ரி ரெட்டி எழுதி 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூல், அவர்கள் குரு-சீடர் என்றும் தாய்-மகள் என்றும் உறவு வகுத்துக்கொண்டு ஒருவரையொருவர் பேணுவதைக் காட்டுகின்றது.

இத்தகைய ஆராய்ச்சிகளால் ஆவதென்ன என்று வினவலாம். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையோர வீடுகளை வாரிச் சென்றது. பெண்ணுக்கு உரியதாயிருந்த வீடு போயிற்று. அதற்கு ஈடாக வந்த புதுவீட்டின் பத்திரமோ பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயரில் எழுதப்பட்டது. மக்கில்வ்ரே மீண்டும் வந்து, வீடிழந்தோரின் சீதனக் கவலையை ஆராய்ந்தார். அவ்வாய்வு அவரும் மிசேல் கம்பர்டும் தொகுத்து 2010-இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. அரச காணிகளுக்குரிய 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், வாரிசு பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண்மக்களையே முன்வைத்தது. அவ்வேறுபாடு 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கிற்று.

படிவத்தில் ஒரே வரியாக நிற்கும் ‘குடும்பத் தலைவர் யார்?’ என்னும் வினாவிற்கு ஊர்தோறும் விடை வேறு. அவ்விடையைக் கேட்டறியாது எழுதும் பேனா, ஒருத்தியின் வீட்டை ஒரு சொல்லாற் பறித்துவிடக்கூடும். உறவுமுறையை ஆராய்வோரின் உழைப்பு அப்பேனாவைச் சற்றே நிறுத்தி எண்ணச் செய்யுமாயின், அதுவே அக்கல்வியின் பயனாகும்.