வைக்கோலும் உமியும்

திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்துக்கு மேற்கே நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அறுவடை முடிந்தபின் இத்தகைய வட்டைகளில் வைக்கோலை எரிக்கும் புகை எழுவதுண்டு. அப்புகையோடு செல்வது உழவனின் முதல் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நெற்பயிர் மண்ணிலிருந்து கொள்ளும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகின்றது. எரித்தால் அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் காற்றோடு கலந்துவிடும். அறுவடை இயந்திரம் வருமுன் களவெட்டியில் சூடு மிதித்த காலத்தில், வைக்கோல் மாட்டுக்குச் சென்றது. பட்டி கட்டிய வயலுக்கு எரு திரும்பியது. உமி நெல் அவிக்கும் அடுப்புக்குப் போயிற்று. கழிவு என்று ஒன்று அங்கே இருந்ததில்லை. இதனையே இன்று உலகம் சுழற்சிப் பொருளாதாரம் என்று புதுப்பெயர் சூட்டிப் போற்றுகின்றது.

அவ்வாறாயின், 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தபோது நம் உழவர் தவித்தது ஏன்? கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவால் அதனை ஈடுசெய்ய ஒன்றரைத் தொன் வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற்போகத்தில் பயிருக்குக் கிட்டும். அவ்வளவு எருவை ஆக்குவோர் யார், வண்டிக்கூலி கொடுப்போர் யார் என்பது முடிவாகுமுன்னரே விதைப்புக் காலம் வந்துவிட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயினும் அப்பெரும்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நட்டம் உழவன் தலையிலேயே விழுந்தது.

பிழை சுழற்சியில் இல்லை. ஒரே போகத்தில் அதனைச் சுழற்ற முனைந்த அவசரத்தில் இருந்தது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். நெல் ஏற்றச் செல்லும் ஆலை வண்டி வெறுமனே போகாமல் உமிச்சாம்பலை ஏற்றிச் செல்லலாம். பட்டிக்காரர் வைக்கோலைப் பெற்று எருவைத் தரலாம். ஆலைக்காரர், பட்டிக்காரர், உழவர் ஆகிய மூவருக்கும் ஊதியம் கிட்டும் ஏற்பாடே நிலைக்கும். அது வேரூன்றும் வரை யூரியாவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே அறிவுடைமை.

மண்ணிடம் வாங்கியதை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தல் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கம். அவ்வழக்கம் மீள வேண்டுமாயின், அதன் சுமையை உழவன் ஒருவனே தாங்குதல் முறையாகுமோ?