சாராயக் கடை இல்லீங்க, சாப்பாட்டுக் கடை!

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது எங்கள் பக்கத்து ஆணும் பெண்ணும் விடியற்காலையிலேயே வேன் ஏறி, வாலாஜாபாத் தாண்டி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். 2010-ல் ஒரகடத்தில் நிசான் - ரெனோ கார் தொழிற்சாலை திறந்தார்கள். 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா வந்தது. கம்பெனி வந்தால் ஜப்பான்காரர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால் அவர்கள் சாப்பாடும் கூடவே வராமல் இருக்குமா?

என் கணவர் அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரைவர். அவர் கார் ஓட்டிய ஜப்பான் அதிகாரி வேலை முடிந்து ஊர் திரும்பும் முன்பு, தன்னோடு வேலை பார்த்த நாலைந்து பேரைக் குடும்பத்தோடு விருந்துக்குக் கூப்பிட்டார். கூப்பிட்ட இடம் 'இசகாயா'. அதற்கு என்ன அர்த்தம் என்று என் கணவர் விசாரித்து வந்து சொன்னார். 'இ' என்றால் உட்கார்ந்திருப்பது, 'சகா' என்றால் 'சாகே' என்ற அரிசி மது, 'யா' என்றால் கடை. பல நூறு வருடங்களுக்கு முன்பு மது விற்ற கடைகளில், வாங்கியதை அங்கேயே உட்கார்ந்து குடிக்க இடம் கொடுத்து, கூடவே தின்பண்டமும் வைக்க ஆரம்பித்தார்களாம். அப்படி வளர்ந்ததுதான் இந்தக் கடை.

இதைக் கேட்டதும் என் மாமியார், "ஏம்மா, பொம்பளைங்க போற எடமா அது? சாராயக் கடைக்கா மருமகளைக் கூட்டிக்கினு போவாங்க?" என்று பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊர்களில் மதுக்கடை என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஜப்பானிலும் ஒரு காலத்தில் இந்தக் கடைகள் ஆபீஸ் முடிந்து வரும் ஆண்களுக்கு மட்டும்தான் என்று இருந்ததாம். 1980-களுக்குப் பிறகுதான் பெண்களும் தாராளமாகப் போகத் தொடங்கினார்கள். "நீங்க பயப்படாதீங்க அத்தை, நான் போயி பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே உட்கார வேண்டும். அது நமக்குப் புதுசா என்ன? உட்கார்ந்ததும் ஆளுக்கொரு ஈரத்துண்டை வெந்நீரில் நனைத்துச் சுருட்டித் தந்தார்கள். அது கையைத் துடைக்கத்தான், முகத்தைத் துடைக்க அல்ல. எல்லோரும் சாப்பிடும் முன்பு 'இதாதாகிமாஸ்' என்று சொன்னார்கள். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று அர்த்தமாம்.

முதலில் வந்தது 'எடமாமே'. பச்சை சோயா பீன்ஸைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்திருந்தார்கள். நாம் வேகவைத்த வேர்க்கடலை சாப்பிடுகிற மாதிரிதான். தோலை அழுத்தினால் பருப்பு வாய்க்குள் வந்து விழுகிறது. 'தெம்புரா' என்றால் காய்கறியையும் இறாலையும் மாவில் தோய்த்துப் பொரிப்பது, நம் பஜ்ஜிக்குச் சொந்தக்காரி. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர்களிடமிருந்து கற்றதாம். 'யாகிதோரி' என்பது கோழித்துண்டுகளைக் குச்சியில் குத்திக் கரி அடுப்பில் சுடுவது. என் பையன் அதை மட்டும் ஏழு குச்சி தின்றான்!

எங்களோடு வந்த ஒரு அம்மா சுத்த சைவம். காய்கறி என்றால் சாப்பிடலாம் என்று கை நீட்டினார். நல்லவேளை, ஜப்பான் அதிகாரியே தடுத்தார். அவர்கள் சூப், குழம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி' என்கிற சாறு. அதைக் காய்ந்த மீன் சீவலும் 'கொம்பு' என்ற கடல்பாசியும் போட்டுத்தான் எடுப்பார்கள். வெறும் சோயா கட்டியும் காயும் போலத் தெரிந்தாலும் அதில் மீன் இருக்கும். அந்த அம்மாவுக்கு எடமாமேயும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும், கடல்பாசிச் சாறு மட்டும் ஊற்றிய கறியும் தனியாகச் செய்து வந்தது. இந்தக் கடல்பாசியிலிருந்துதான் 1908-ல் இகேதா என்ற விஞ்ஞானி ஒரு புது ருசியைப் பிரித்தெடுத்தார். நம் ஊர் ஃப்ரைடு ரைஸ் கடைகளில் போடுகிறார்களே அஜினமோட்டோ, அது அங்கிருந்து வந்ததுதான்!

எனக்குச் சோறு எப்போது வரும் என்றே இருந்தது. கடைசியில்தான் வந்தது. சோற்றின் மேல் சூடான தேநீரை ஊற்றி ஒரு கிண்ணம். எனக்கு நம்ம நீராகாரம்தான் ஞாபகம் வந்தது.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மதுவும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் டிரைவர்கள் யாருக்கும் ஊற்றவில்லை. என் கணவர் கையில் தேநீர்தான். கேட்டதற்கு அந்த அதிகாரி சொன்னார்: ஜப்பானில் 2007-ல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்களாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனுக்கு மட்டுமல்ல, ஓட்டப்போகிறான் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும், தெரிந்தே அந்த வண்டியில் ஏறி வந்தவருக்கும் தண்டனை உண்டு. நம் நாட்டில் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. ஆனால் ஊற்றிக் கொடுத்துவிட்டு "பாத்துப் போப்பா" என்று அனுப்பும் நண்பர்களை நாம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் இது நடக்கிறது. ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? நாம்தானே!

இன்னொன்றும் என் மனதைத் தொட்டது. அங்கே தட்டுகளை நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள். பழக்க தோஷத்தில் நான் எழுந்து பரிமாறப் போனேன். "உட்காருங்க" என்று கையைக் காட்டினார் அதிகாரி. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் என் கணவரோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து, சூடாக, அவசரமில்லாமல் சாப்பிட்டது எண்ணிச் சொல்லக்கூடிய தடவைதான். எப்போதும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போன குழம்பும் அடி தீய்ந்த சோறும்தானே நம் பங்கு?

அதனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டிப் பானைகளை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு ஆறு பேரும் வட்டமாக உட்காருகிறோம். "அப்போ ரசம் யாரு ஊத்தறது?" என்று மாமியார் முதல் வாரம் முணுமுணுத்தார். இப்போது கரண்டி அவர் கையில்தான், எனக்கு இரண்டு கரண்டி அதிகமாகவே விழுகிறது!

இப்படிப்பட்ட ஓட்டலுக்குப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை: சைவம் என்றால் "மீன் சாறு உண்டா?" என்று முதலிலேயே கேளுங்கள். ஜப்பானுக்கே போனால், கேட்காமல் முதலில் வைக்கும் சின்னக் கிண்ணத்துக்கும் பெரும்பாலும் காசு உண்டு, சண்டை போடாதீர்கள். சோற்றில் குச்சியை நட்டு வைக்காதீர்கள், அது சாவுச் சடங்குக்குச் செய்வது. வண்டி ஓட்டுபவர் கையில் தேநீர் மட்டுமே இருக்கட்டும்.

ஓட்டலுக்குப் போக வசதி இல்லையா? பரவாயில்லை தோழியரே. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு எல்லோரோடும் உட்காருங்கள். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லையே!

- ஒரு இல்லத்தரசி, உத்திரமேரூர்.