கல்லாகும் முன் கழுவுவோம்: கான்கிரீட் படிந்த கருவிகள் சொல்லும் வேதியியல்

பிரிக்பீல்ட்ஸ் என்றால் நமக்கு வாழையிலைச் சாப்பாடும் பூமாலைக் கடைகளும் நினைவுக்கு வரும். ஆனால், அந்தப் பெயர் செங்கல் சூளைகளிலிருந்து வந்தது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்டிருந்த நகரம் பெருமளவில் அழிந்தது. அதன்பின், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழ வேண்டும் என்று சிலாங்கூர் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். யாப் ஆ லோய் அமைத்த சூளைகள் அதற்குச் செங்கல் கொடுத்தன.

அக்காலத்தில் செங்கற்களைப் பிணைத்தது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அது மென்மையானது. பழைய சுவரை இடித்தால், ஒட்டியிருக்கும் சாந்தைத் தட்டி உதிர்த்துவிட்டு அதே கல்லை மீண்டும் அடுக்கலாம். இன்று அதன் இடத்தில் போர்ட்லண்ட் சிமெண்டு இருக்கிறது. அது அவ்வளவு எளிதில் உதிராது. கட்டடத்துக்கு இது வரம். கொத்தனாரின் கரண்டிக்கும் தள்ளுவண்டிக்கும் கலவை லோரிக்கும் இதுவே பெரிய தலைவலி.

இரும்பில் ஒட்டிய கான்கிரீட்டை அகற்றப் பல வழிகள் உள்ளன. ஆனால், நேரம் ஆக ஆக அதற்கான விலை ஏறுகிறது. வேலை முடிந்த கையோடு கழுவினால் ஒரு வாளி தண்ணீர் போதும். மறுநாள் உளியும் அமிலமும் தேவைப்படும். அந்தக் கூடுதல் விலையைப் பெரும்பாலும் தொழிலாளியின் தோலும் நுரையீரலும்தான் கொடுக்கின்றன.

காய்ந்து இறுகுவதில்லை

சிமெண்டு காய்ந்து கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படியானால் தண்ணீருக்கு அடியில் அது இறுகக்கூடாது, ஆனால் இறுகுகிறது. சிமெண்டிலுள்ள கால்சியம் சிலிகேட் தண்ணீரோடு வினைபுரிந்து இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிணைக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். மற்றொன்று, கடுமையான காரமான கால்சியம் ஹைட்ராக்சைடு. கரண்டியின் சொரசொரப்பிலும் துருவின் குழிகளிலும் இந்தப் பசை புகுந்து அங்கேயே கல்லாகிவிடுகிறது.

வெயிலில் போட்டால் விரிந்து உதிர்ந்துவிடாதா? உதிராது. எஃகும் கான்கிரீட்டும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரிகின்றன. ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியசுக்கு, ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர். இந்தப் பொருத்தம் இருப்பதால்தான் கம்பி வைத்துக் கட்டிய மாடிகள் வெயிலிலும் மழையிலும் நிலைத்து நிற்கின்றன.

முதல் ஒரு மணி நேரம்

ஐரோப்பியத் தரவிதிப்படி, சோதனைக்கூடத்தில் சாதாரணச் சிமெண்டு அதன் வலிமை வகையைப் பொறுத்து 45 முதல் 75 நிமிடங்களுக்கு முன்பாக இறுகத் தொடங்கக்கூடாது. அந்தச் சோதனை நடப்பது 20 டிகிரி வெப்பத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கின் நண்பகல் 32, 33 டிகிரியைத் தொடும். வெப்பம் கூடினால் வினையின் வேகமும் கூடும் என்பது நாம் படித்த பாடம். ஆகவே, நமக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு.

கிள்ளானில் வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்யும் என் மாமா, கலவை இயந்திரத்தின் பக்கத்தில் எப்போதும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் பழைய துடைப்பமும் வைத்திருப்பார். தேநீருக்குப் போகும் முன் கரண்டி, மண்வெட்டி எல்லாம் அந்தப் பீப்பாய்க்குள் போய்விடும். வேலை முடிந்ததும் இயந்திரத்தில் கொஞ்சம் ஜல்லியும் தண்ணீரும் போட்டுச் சில நிமிடங்கள் சுழல விடுவார். உள்ளே ஒட்டியதை ஜல்லியே தேய்த்து எடுத்துவிடும். காலையில் கருவிகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுப்பதும் அவர் வழக்கம்.

சமையலறைச் சீனிக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சிமெண்டின் எடையில் 0.05 விழுக்காடு சீனி கலந்தாலே இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும். 50 கிலோ மூட்டைக்கு அது வெறும் 25 கிராம். லோரி வழியில் பழுதாகி நின்றால், டிரம்முக்குள் இருக்கும் கலவை கல்லாகாமல் தடுக்க இந்த உத்தி உதவும். ஆனால், அந்தக் கலவையை நம்பி வீடு கட்டக்கூடாது.

கல்லான பிறகு

முதலில் சுத்தியல். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவிசை வலிமை அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எனவே, கட்டியின் மேல் ஓங்கி அடிப்பதைவிட, தகட்டின் பின்புறம் ரப்பர் சுத்தியலால் தட்டுவது பலன் தரும். தகடு அதிர்ந்து வளையும்போது கட்டி விரிசல் விட்டுக் கழன்றுவரும். மிச்சத்தை ஈரப்படுத்திச் சுரண்டலாம்.

அடுத்தது அமிலம். நான்காம் படிவ வேதியியலில் நாம் ‘பெனெயூத்ராலான்’ என்று படிக்கும் அதே நடுநிலையாக்கம்தான் இங்கு நடக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து, நீரில் கரையும் கால்சியம் குளோரைடைத் தருகிறது. ஆனால், கிரானைட் ஜல்லியும் மணலும் அமிலத்தில் கரையாது. அவற்றைப் பிணைத்த பசை மட்டுமே கரையும். ஆகவே, தடித்த கட்டியை முதலில் உடைத்துவிட்டு, எஞ்சிய மெல்லிய படலத்துக்கு மட்டும் அமிலத்தைப் பயன்படுத்துவதே முறை.

அந்த அமிலம் சிமெண்டோடு நிற்காது. இரும்பையும் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். துத்தநாகம் பூசிய தகட்டிலும் அலுமினியத்திலும் அதைத் தொடவே கூடாது. ஐந்து விழுக்காடு அசிட்டிக் அமிலம் கொண்ட சமையல் வினிகர் மெதுவாக வேலை செய்யும். சிறிய கரண்டிக்கு அதில் ஓர் இரவு ஊறல் போதும். எந்த அமிலமானாலும் கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமும் வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானோடு சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். வேலை முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

டிரம்முக்குள் ஒரு மனிதர்

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில், ஒவ்வொரு கோபுரத்தின் அடித்தளத்துக்கும் 54 மணி நேரம் இடைவிடாமல் 13,200 கன மீட்டர் கான்கிரீட் ஊற்றினார்கள். ஒரு லோரி 8 கன மீட்டர் சுமக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால் 1,650 நடைகள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் டிரம்மைக் கழுவ வேண்டும். சரியாகக் கழுவாத டிரம்மில் படலத்தின் மேல் படலமாகக் கல் சேரும். கடைசியில், ஒருவர் உள்ளே இறங்கி இடிக்கும் இயந்திரத்தால் அதை உடைத்தெடுக்க நேரும்.

அங்கேதான் ஆபத்து. மூடிய, வெப்பமான, காற்றோட்டம் குறைந்த இடம். உடையும் கான்கிரீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு எழும். படிக வடிவச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியது. அது உண்டாக்கும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த முடியாது. எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இத்தூசு இருக்கக்கூடாது என்று 2016இல் அமெரிக்கா வரம்பு வகுத்தது. தண்ணீர் தெளித்து உடைப்பது, தூசை உறிஞ்சும் கருவி, முகத்துக்குப் பொருந்தும் சுவாசக் கவசம் ஆகியவை இங்கு ஆடம்பரமல்ல.

எஸ்பிஎம் தேர்வு முடிந்து கட்டுமானத் தளத்தில் பகுதி நேர வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் ஒன்றை மறக்க வேண்டாம். நமது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, அதை முதலாளி நீக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை அதில் உண்டு.

கழுவிய நீர் எங்கே போகிறது?

சிமெண்டு கலந்த நீரின் பிஎச் 12க்கு மேல் இருக்கும். காலணிக்குள் புகுந்தால், முதலில் வலியே தெரியாமல் தோலைப் புண்ணாக்கிவிடும். 2009ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் அனுமதிக்கும் உச்ச அளவு 9. 12க்கும் 9க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள். பிஎச் மடக்கை அளவு. காரத்தன்மையில் அது ஆயிரம் மடங்கு. வீட்டு முன்னால் உள்ள மழைநீர்க் கால்வாயில் அதை ஊற்றினால், சுத்திகரிப்பு ஏதுமின்றி ஆற்றுக்கே போய்ச் சேரும். மண்டியை ஒரு தொட்டியில் படியவிட்டு, தெளிந்த நீரை அடுத்த கழுவலுக்குப் பயன்படுத்துவதே நல்லது. கட்டியான மண்டியைக் கட்டடக் கழிவோடு சேர்க்கலாம்.

உங்கள் வீட்டிலும் கட்டுமான வேலை செய்யும் அப்பாவோ சித்தப்பாவோ இருக்கலாம். அவர் இதில் பாதியை அனுபவத்தில் அறிந்திருப்பார். பிஎச், சிலிக்கா, சட்டம் ஆகிய மறுபாதி நம் பாடநூல்களிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. இந்த வாரம் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கருவிகளைக் கழுவ ஒரு பீப்பாய், சுரண்டும்போது அணிய ஒரு நல்ல சுவாசக் கவசம். இரண்டுக்கும் ஆகும் செலவு, ஒரு மருத்துவமனைப் படுக்கைக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு.